எதிர்மலையைப் பார்க்க எத்தனை மடங்கு? மலையகத்துக்கேற்ற உருப்பெருக்கத்தைத் தெரிவு செய்யும் முறை

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் நின்று எதிர்மலையைப் பார்ப்பவருக்கு ஒரு மயக்கம் உண்டாகும். இடையில் பள்ளத்தாக்கு மட்டுமே இருப்பதால், அங்குள்ள தேயிலை நிரையும் நிழல் மரமும் பாறையும் மிக அருகில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கீழே இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏறி அந்தப் பாறையடிக்குப் போய்ச் சேர அரை நாள் பிடிக்கும். பறவைகளையும் விலங்குகளையும் பார்க்கத் தொடங்கும் நம் இளைஞர்கள் கருவி வாங்கப் போகும்போது இந்த மயக்கத்தையும் கூடவே கொண்டு போகிறார்கள். "இதில் எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதே கடையில் அவர்கள் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கிறது. கடைக்காரரும் பெட்டியின் மேல் பெரிய இலக்கம் அச்சிட்ட கருவியை எடுத்து முன்னே வைக்கிறார்.

வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், பாடசாலைகளில் சுற்றாடல் கழகங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும் இந்தத் தெரிவில் நான் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மலைநாட்டில் எத்தனை மடங்கு வேண்டும் என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கையின் நடுக்கமும், விடியற்காலை வெளிச்சமும், பனிமூட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பெரும்பாலான வேளைகளில் அவை மூன்றும் குறைந்த உருப்பெருக்கத்தின் பக்கமே நிற்கின்றன.

கருவியில் எழுதியிருக்கும் இலக்கங்கள்

இருகண் நோக்கியின் மேல், நம் ஊரில் எல்லோரும் சொல்வது போலப் பைனாகுலரின் மேல், 8×42 என்றோ 10×42 என்றோ பொறித்திருப்பார்கள். முதல் இலக்கம் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்னாலுள்ள பொருள்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 8 மடங்கு என்றால் 400 மீற்றருக்கு அப்பால் நிற்கும் மரை 50 மீற்றரில் நிற்பது போலத் தெரியும் என்று பொருள். கணக்கு அவ்வளவு எளிது என்பதால்தான் மடங்கு கூடினால் நல்லது என்ற எண்ணமும் எளிதாக வந்துவிடுகிறது.

இரண்டாம் இலக்கத்தை முதல் இலக்கத்தால் வகுத்தால் வரும் விடையே எனக்கு இவ்விரண்டையும் விட முக்கியமானது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வரும். பார்வைத்துண்டின் வழியாக நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது, மில்லிமீற்றரில். 10×42க்கு அது 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10×25க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடுவதால், நண்பகலில் மூன்று கருவிகளுக்குமிடையே வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. கடைக்கு முன்னால் பகலில் நின்று சோதிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். இருட்டில் இளம் வயதினரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறைந்து, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 மில்லிமீற்றர் அளவிலோ அதற்குக் கீழேயோ நின்றுவிடும்.

ஹோர்ட்டன் சமவெளிப் பாதையோரத்திலுள்ள சிறு குளத்துக்கு விடியும் முன் போய் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் நன்றாகப் புரியும். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி அங்கே நீரோரத்து இருளில், பொழுது புலரும் நேரத்திலும் சாயும் நேரத்திலுமே வெளிப்படும். ஆண் பறவை இருண்ட உடலும் தோளில் நீலத் திட்டும் கொண்டது. 10×25 கருவியில் அதைப் பார்க்கும்போது, பாசி படிந்த கல்லுக்கும் பறவைக்கும் வேறுபாடே தெரியாது. ஏதோ ஒன்று அசைந்தது என்பதோடு சரி. அதே நிமிடத்தில் 8×42ஐக் கண்ணில் வைத்தால், கண்மணி 5 மில்லிமீற்றருக்கு விரிந்திருப்பவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும், தோளின் நீலமும் துலங்கும். மடங்கு குறைந்த கருவியில் பறவை சற்றுச் சிறிதாகத்தான் தெரிகிறது. ஆனால் அது என்ன பறவை என்று சொல்ல முடிகிறது.

முதலில் உங்கள் தூரங்களை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் வழக்கமாக எங்கே நின்று எதைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்தில் குளிர்காலத்தில் வந்து தங்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும், கறுப்பு வெள்ளைப் பூங்குருவியையும், ஆறுமணிக்குருவியையும் தேடுபவருக்குத் தூரம் 10 மீற்றர் முதல் 30 மீற்றர் வரைதான். ஹக்கலைக் காட்டின் விளிம்பில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியைப் பார்க்கவும் அதைவிட அதிகம் தேவைப்படாது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையிலிருந்து நீர்ப்பறவைகளைப் பார்ப்பவருக்கு 200 முதல் 600 மீற்றர் ஆகலாம். தோட்டத்து எல்லையில் நின்று, எதிர்மலை முகட்டில் வட்டமிடும் கருங்கழுகையோ பாறை மேல் படுத்திருக்கும் சிறுத்தையையோ பார்க்க விரும்புபவருக்குத் தூரம் 500 மீற்றரில் தொடங்கி ஒரு கிலோமீற்றரைத் தாண்டும்.

பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள தூரத்தை வெறுங்கண்ணால் மதிப்பிடுவது மிகவும் கடினம். ஏறக்குறைய எல்லோரும் குறைத்தே சொல்கிறார்கள். அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். எதிர்மலைப் பாதையில் பஸ் வரும்வரை காத்திருங்கள். கையை முழுதாக நீட்டிச் சின்னி விரலை நிமிர்த்திப் பிடித்தால், அதன் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. சாதாரண பஸ்ஸின் நீளம் சுமார் 10 மீற்றர். பஸ் பக்கவாட்டில் போகும்போது அதன் முழு நீளமும் சின்னி விரலின் அகலத்துக்குச் சரியாக இருந்தால், அது ஏறத்தாழ 570 மீற்றர் தூரத்தில் போகிறது. விரலின் பாதியளவே இருந்தால் 1,150 மீற்றர். கால்வாசியே இருந்தால் இரண்டேகால் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. கைத்தொலைபேசி வரைபடத்தில் அளந்து பார்த்தும் சரிபார்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று முறை விரலால் அளந்து பழகியவருக்கு வரைபடம் தேவைப்படாது.

தூரம் தெரிந்தபின் அடுத்த கேள்வி, அந்தத் தூரத்தில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பது. நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடியும். 100 மீற்றரில் அது சுமார் 3 சென்ரிமீற்றர். 800 மீற்றரில் சுமார் 23 சென்ரிமீற்றர். 800 மீற்றரில் 8 மடங்குக் கருவி அதை ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றராகவும், 10 மடங்குக் கருவி 2.3 சென்ரிமீற்றராகவும், 25 மடங்குள்ள ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் ஆக்கும். இவை காற்றும் கையும் முற்றிலும் அசையாதிருந்தால் கிடைக்கும் கணக்குகள்.

இப்போது கருங்கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்த சிறகு ஒன்றரை மீற்றரைத் தாண்டும். மரங்களின் தலையைத் தொடுமளவு தாழ்ந்து, சிறகடிக்காமல் மிக மெதுவாக மிதந்து, பிற பறவைகளின் கூடுகளைத் தேடும். சிறகு நுனியில் விரல்கள் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளும், அந்த மெதுவான பறப்பும், முழுக் கறுப்பும் 8 மடங்கிலேயே 800 மீற்றரில் தெளிவாகத் தெரிந்துவிடும். அதன் மஞ்சள் காலையும் அலகின் அடியையும் பார்த்தே தீர வேண்டுமென்றால் தொலைநோக்கி வேண்டும். கொண்டைக் கழுகின் உடலிலுள்ள கோடுகளை அந்தத் தூரத்தில் 10 மடங்கில் எண்ண முயல்வது வீண் வேலை. 8 மடங்கிலிருந்து 10 மடங்குக்குப் போவதால் இந்த இடைவெளி அடைபடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை அடைக்க 20 மடங்குக்கு மேல் போக வேண்டும்; அதற்குக் கருவியைக் கையில் பிடிக்கக் கூடாது, தாங்கியில் வைக்க வேண்டும்.

கையின் நடுக்கம்

கருவி பெரிதாக்குவது பறவையை மட்டுமன்று. பிடிப்பவரின் நாடித் துடிப்பையும், ஏற்றம் ஏறிய மூச்சையும், முகட்டில் அடிக்கும் காற்று தோளில் உண்டாக்கும் அசைவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. சமவெளியில் வாழ்பவர்கள் எழுதும் அறிவுரைகளில் 10 மடங்கு வரை கையில் பிடிக்கலாம் என்றிருக்கும். அது அவர்களுக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் 300 படி ஏறி வந்து நின்ற கையோடு பார்ப்பவர்களுக்கு நான் 8 மடங்கையே சொல்வேன்.

என் சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் கையையே சோதித்துப் பாருங்கள். பல அளவு எழுத்துகள் அச்சிட்ட ஒரு தேயிலைப் பக்கெட்டை லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பின்சுவரில் ஒட்டுங்கள். முப்பது மீற்றர் பின்னே போய், கருவியைக் கையில் பிடித்து, எந்த அளவு எழுத்துவரை வாசிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் கருவியை ஒரு மதில் மேலோ அரிசி மூட்டை மேலோ அசையாமல் வைத்து மீண்டும் வாசியுங்கள். இரண்டு முறையும் ஒரே வரிவரை வாசிக்க முடிந்தால் அந்த மடங்கு உங்கள் கைக்குப் பொருந்துகிறது. வைத்துப் பார்க்கும்போது இரண்டு வரி கூடுதலாகத் தெரிந்தால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உருப்பெருக்கத்தில் ஒரு பகுதி நடுக்கத்தில் கரைந்து போகிறது. 8 மடங்கையும் 10 மடங்கையும் இரவல் வாங்கி இந்தச் சோதனையைச் செய்த மாணவர்களில் பலர், கையில் பிடித்துப் பார்க்கும்போது இரண்டிலும் ஒரே வரியிலேயே நின்றுவிட்டதைக் கண்டிருக்கிறார்கள்.

பிடிக்கும் முறையும் உதவும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். முடிந்தால் நிழல் மரத்தில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தொப்பி அணிந்திருந்தால் பெருவிரல்களை நெற்றியோடு சேர்த்து அதன் விளிம்பைச் சுட்டுவிரல்களால் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளேயே நடுக்கத்தைத் தணிக்கும் மின்கலக் கருவிகளும் இருக்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் விலை நம் கைக்கு எட்டாதது.

எவ்வளவு அகலம் தெரிகிறது

மடங்கு கூடும்போது பார்வைப் பரப்பு சுருங்குகிறது. வழக்கமான 8×42 கருவியில் 1,000 மீற்றரில் 130 முதல் 140 மீற்றர் அகலம் தெரியும். 10×42இல் 105 முதல் 115 வரை. அகலத்தில் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், பரப்பளவாகக் கணக்கிட்டால் முன்னையது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காட்டுகிறது. எதிர்மலையில் எல்லா நிரையும் ஒன்றுபோலவே இருக்கும். "அந்த மூன்றாவது மரத்துக்குக் கீழே, வெட்டிய மலைக்குப் பக்கத்தில்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அந்த மூன்றாவது மரத்தைத் தேடுவதற்குள் பறவை போய்விடும். பரப்பு அகலமாக இருந்தால் மரமும் வெட்டிய மலையும் (கவ்வாத்து வெட்டிய தேயிலைப் பகுதியும்) ஒரே பார்வைக்குள் அடங்கும். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டிய வழிகாட்டிக்கு இதைவிடத் தேவையானது வேறொன்றில்லை.

குவியத்திலும் இதே நிலைதான். ஒரே திருப்பலில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம், மடங்கின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவும்போது 10 மடங்கில் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 8 மடங்கில் விரலைச் சற்று அசைத்தால் போதும்.

பொய் இலக்கங்கள்

என் முதற் கருவியை நான் சம்பளப் பணத்தைச் சேர்த்து, நகரத்துக் கடையொன்றில் வாங்கினேன். அதன் மேல் 30×60 என்று பொன் எழுத்தில் இருந்தது. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். இரண்டு ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டு, எதிர்மலைக் கழுகு ஏன் மங்கலாகவே தெரிகிறது என்று என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரு நாள் பாடசாலை அடிமட்டத்தை எடுத்து முன் வில்லையை அளந்தேன். 28 மில்லிமீற்றர் இருந்தது. கருவியை நீட்டிப் பிடித்து வானத்தை நோக்கி வைத்து, பார்வைத்துண்டில் தெரிந்த வெள்ளை வட்டத்தை அளந்தேன், மூன்றரை மில்லிமீற்றர். 28ஐ 3.5ஆல் வகுத்தால் 8. முப்பது மடங்கென்று விற்ற கருவியின் உண்மையான உருப்பெருக்கம் எட்டு மடங்குதான். அறுபது என்று போட்டிருந்த வில்லையும் அதில் பாதிக்கும் குறைவு. கடினமாக உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படி ஒரு பொய்யெழுத்துக்குக் கொடுத்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் கடைக்குப் போகும் எல்லோரிடமும் ஓர் அடிமட்டத்தைக் கொண்டு போகச் சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். முன் வில்லையின் விட்டத்தை வெள்ளை வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு வந்துவிடும். வட்டம் உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளேயுள்ள அரியங்கள் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டைகள்) மலிவானவை. ஓரத்து ஒளி வீணாகிறது. பேக்4 (BaK-4) வகைக் கண்ணாடி அரியங்களில் இந்தக் குறை பெரும்பாலும் இருக்காது. எல்லா வில்லைகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். நேர்க்குழாய் வடிவக் கருவியானால் அரியத்தில் ஒளியலையின் அவத்தையைத் திருத்தும் பூச்சும் (phase coating) இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே விலைக்குக் கிடைக்கும் பழைய கோணல் வடிவக் கருவியே தெளிவாகக் காட்டும்.

10–30 என்று மடங்கை மாற்றக்கூடிய இருகண் நோக்கிகளை முற்றாகத் தவிருங்கள். இரண்டு குழாய்களும் ஒரே அளவில் பெரிதாக்கி ஒரே திசையில் நிற்பது எல்லா மடங்கிலும் அரிது. கொஞ்ச நாளில் தலைவலிதான் மிஞ்சும். தாழ்ந்த மடங்கிலும் அவற்றின் பார்வைப் பரப்பு ஒடுங்கியே இருக்கும்.

கண்ணாடி அணிபவர்கள், பார்வைத்துண்டிலிருந்து கண் எவ்வளவு விலகி நின்று முழுப் பரப்பையும் பார்க்கலாம் என்ற அளவைக் கேட்டு வாங்க வேண்டும். 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது ஓரம் முழுவதும் கறுத்துவிடும். 

முகட்டுக்கு முகடு பார்க்கும் தொலைநோக்கி

ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. 80 மில்லிமீற்றர் வில்லையுள்ளது ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் வரை கனக்கும். அசையாத முக்காலித் தாங்கி ஏறக்குறைய அதே கனம். ஆனாலும் 500 மீற்றருக்கு அப்பால் பார்ப்பதே உங்கள் முக்கிய வேலையானால் வேறு வழியில்லை.

இவற்றில் மடங்கை மாற்றும் பார்வைத்துண்டு நன்றாகவே வேலை செய்யும். ஒரே குழாய் என்பதால் இரண்டைப் பொருத்தும் தொல்லை இல்லை. 20–60 என்பது வழக்கமான அளவு. 60 மடங்கை நினைத்து வாங்காமல் 20 முதல் 30 மடங்கை நினைத்து வாங்குங்கள். 65 மில்லிமீற்றர் வில்லையில் 20 மடங்குக்கு ஒளிவட்டம் 3.25 மில்லிமீற்றர், 60 மடங்குக்கு ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். மேகம் கவிந்த பிற்பகலில் அந்த வட்டத்துக்குள் பறவை வெறும் நிழலுருவாகத்தான் தெரியும். பரப்பும் 20 மடங்கில் 1,000 மீற்றருக்கு 36 மீற்றர் அளவில் தொடங்கி, 60 மடங்கில் 20 மீற்றருக்கு ஒடுங்கிவிடும். பறக்கும் கழுகை அதற்குள் பிடித்து வைப்பது இயலாத காரியம். எப்போதும் 20 மடங்கில் தேடிக் கண்டுபிடித்து, பறவை அமர்ந்தபின் மெதுவாக ஏற்றுங்கள். படம் பெரிதாவது நின்று கலங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சற்றுக் கீழே இறக்குங்கள்.

அந்தக் கலக்கத்துக்குக் கருவி காரணமாக இருக்க வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் தேயிலை மலையிலிருந்தும் தார்ப் பாதையிலிருந்தும் சூடான காற்று எழுந்து, பார்வைக் கோட்டில் நீர் போல அலையும். அந்த அலையையும் தொலைநோக்கி பெரிதாக்குகிறது. பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கைக் கடந்து 30 மடங்குக்கு மேல் பார்த்துப் பயனடைந்த நாட்கள் எனக்கு மிகச் சில. பனிமூட்டத்தின் கதையும் இதுவே: மெல்லிய மூட்டத்தினூடே 10 மடங்கில் மங்கலாகத் தெரிவது 40 மடங்கில் இன்னும் மங்கலாகத்தான் தெரியும், ஏனெனில் மூட்டம் அப்படியே இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவுக்குப் போகிறவர்கள் காலை ஒன்பது பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டுமென்று சொல்வது வெறும் பேச்சன்று. அந்தச் செங்குத்துச் சரிவை நிரப்பும் மூட்டத்தை எந்த விலைக் கருவியும் துளைக்காது. மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையே எதிர்மலையைப் பார்க்கச் சிறந்த வேளை.

தொலைநோக்கியின் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் சிறுத்தை தென்பட்டால் கூட்டம் கூடி நெருங்குவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கிப் பின்னர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். வேலிக்கண்ணிகள் இருக்கும் மலையில் விரட்டப்படும் சிறுத்தை எங்கே ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்மலையில் தாங்கியை ஊன்றி, 25 மடங்கில், அது பாறையில் படுத்திருப்பதை ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்கு அருகே போகும் ஆசை வராது. சிறுத்தைக்கும் நாம் இருப்பது தெரியாது.

அதே கருவியை லயங்களின் பக்கமோ குளிக்கும் பீலிக்கரையின் பக்கமோ ஒருபோதும் திருப்பாதீர்கள். முகட்டில் கருவியோடு நிற்பவரைக் கீழிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நாமே உணர வேண்டும். முன்கூட்டியே தோட்டத்தாரிடம் சொல்லிவிட்டு நிற்பது நல்லது. சிவனொளிபாதமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் கருவியைப் பைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பெரிதாக்கிய சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் கண் திரும்பக் கிடைக்காதபடி கெடலாம்.

ஈரம்

நம் ஊர்க் காற்றில் கருவிக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். தோல் உறையில் போட்டு அலுமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால், வில்லையின் உள்ளே சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும், பூச்சையும் அரித்துவிடும். நைதரசன் நிரப்பி நீர் புகாமல் மூடிய கருவியை வாங்குவதற்கு 10 மடங்குக்கும் 8 மடங்குக்கும் உள்ள விலை வேறுபாட்டைச் செலவழியுங்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும்போது பைகளைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். அடுப்பு மேல் பரணில் வைப்பது உலர்வாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். விறகுப் புகை வில்லையில் பிசினாகப் படியும். மழையில் நனைந்தால் பெட்டியில் அடைக்காமல், துணியால் ஒற்றி, ஓர் இரவு திறந்த அறையில் வைக்க வேண்டும். வில்லையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதியோ மென் தூரிகையாலோ தூசியை அகற்றி, பிறகே துணி.

எதை முதலில் வாங்குவது

முதற் கருவியாக 8×42. காடும் பூங்காவும் மட்டுமே உங்கள் இடமென்றால், கனம் குறைந்த 8×32 போதும். ஒளிவட்டம் 4 மில்லிமீற்றர் இருக்கும், விடியற்காலையில் சற்றுத்தான் பின்தங்கும். முழு நாளும் நீர்த்தேக்கக் கரையிலோ முகட்டிலோ, சாய்ந்து நிற்க ஓர் இடத்தோடு பார்ப்பவர் 10×42ஐ வாங்கலாம்; அவர் கை அந்தத் தேயிலைப் பக்கெட்டுச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். 12 மடங்கையும் அதற்கு மேலும் கையில் பிடிக்க வாங்காதீர்கள்.

தொலைநோக்கியை உடனே வாங்க வேண்டாம். குளிர்காலப் பறவைகள் வரும் ஒக்டோபரிலிருந்து அவை திரும்பும் ஏப்ரல் வரை, ஒரு சிறு கொப்பியில் ஒவ்வொரு முறையும் நான்கே விடயங்களை எழுதி வாருங்கள்: இடம், நேரம், விரலால் அளந்த தூரம், என்ன பறவை என்று சொல்ல முடிந்ததா இல்லையா. ஏப்ரலில் அந்தக் கொப்பியை எடுத்து, "சொல்ல முடியவில்லை" என்று எழுதிய வரிகளை மட்டும் எண்ணுங்கள். அவற்றில் பெரும்பாலானவை 50 மீற்றருக்குள், இருட்டிலோ இலை மறைவிலோ நடந்தவையாக இருந்தால், பணத்தை இன்னும் நல்ல கண்ணாடியுள்ள 8×42க்குச் சேர்த்து வையுங்கள். பெரும்பாலானவை 500 மீற்றருக்கு அப்பால், காலை ஒன்பது மணிக்கு முன், தெளிவான வானத்தில் நடந்தவையாக இருந்தால் 65 மில்லிமீற்றர் தொலைநோக்கி ஒன்றை விலை கேட்கலாம். தாங்கிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஆடும் தாங்கியில் நிற்கும் விலையுயர்ந்த தொலைநோக்கி, மதிலில் சாய்த்துப் பிடித்த 8×42 காட்டும் அளவுக்குக்கூடக் காட்டாது.